அலுவலகத் தாமதமும் அதன் அளவுகோல்களும்: மட்டக்களப்புக் கச்சேரி முதல் களுவாஞ்சிக்குடி வரை

"நாளைக்கு வாருங்கள்" என்ற தொடரைக் கேளாத இலங்கையர் இருத்தல் அரிது. பிற்போடும் இயல்பைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் இந்த 'நாளை'யிலிருந்தே பிறந்தது. இலத்தீன் மொழியில் நாளை எனப் பொருள்படும் சொல்லே அதன் வேர். தமிழில் காலந்தாழ்த்தல், பிற்போடல், ஒத்திவைத்தல், இழுத்தடித்தல் எனப் பல சொற்கள் உண்டு. இவற்றுள் இழுத்தடித்தல் என்பது மட்டும் தாமதிப்பவரின் சொல்லன்று. தாமதத்துக்கு ஆளாகிறவரின் சொல். ஏனையவை செய்பவரின் பக்கத்தினின்று நோக்குகின்றன. இஃதொன்றே காத்திருப்பவரின் பக்கத்தினின்று நோக்குகின்றது. சொல் வழக்கிலே காணும் இவ்வேறுபாடு அலுவலகங்களின் வரலாற்றிலும் உண்டு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாமதம் யாவும் குற்றமாகா என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். திருக்குறளில் மடியின்மை என்னும் 61ஆம் அதிகாரத்தில் நெடுநீர்மையைக் கெடுவார் விரும்பி ஏறும் கலங்களுள் ஒன்றாக எண்ணிய வள்ளுவர், வினைசெயல்வகை என்னும் 68ஆம் அதிகாரத்தில் தாழ்த்துச் செய்ய வேண்டியவற்றைத் தாழ்த்தே செய்க என்றும், தாழ்த்தலாகாதவற்றைத் தாழ்த்தற்க என்றும் பிரித்துரைக்கிறார். ஏறத்தாழ இப்பிரிவினையையே உளவியலாளர் பியர்ஸ் ஸ்டீல் 2007இல் வெளியிட்ட விரிவான ஆய்வொன்றில் வேறு சொற்களால் நிறுவினார். ஒருவர் தாம் செய்யக் கருதிய செயலை, தாழ்த்தினால் தமக்கே கேடு என்று தெரிந்தும், தம் விருப்பின்பேரில் தாழ்த்துவதே பிற்போடல் என்பது அவர் தரும் வரைவிலக்கணம். கோவை வேறிடத்தில் இருப்பதால் தாழ்வதும், மேலதிகாரியின் கையொப்பம் வராமையால் தாழ்வதும் இதனுள் அடங்கா. அவை தாமதங்கள், பிற்போடல்கள் அல்ல.

இவ்வரைவிலக்கணம் நுட்பமானது. ஆனால் அலுவலகத்தைப் பொறுத்தவரை அதில் ஓர் இடைவெளி உண்டு. எழுதுவினைஞர் ஒருவர் ஒரு கோவையைத் தாழ்த்தினால் கேடு எய்துபவர் அவரல்லர்; மேசைக்கு இப்பால் நிற்பவரே. தன் கேட்டைத் தானே விளைவிக்கும் மாணவனை அளக்க அமைந்த கோலைக்கொண்டு, பிறர் கேட்டை விளைவிக்கக்கூடிய ஓர் அமைப்பை அளத்தல் எங்ஙனம்? அலுவலகத்தின் தாமதத்தை அளக்க எடுத்த முயற்சிகள் பல. அவற்றுள் அளவுகோல் யார் கையில் இருந்தது என்ற வினாவை எழுப்பியவை மிகச் சில.

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில் அமைந்தது களுவாஞ்சிக்குடி. மண்முனை தெற்கு எருவில் பற்றுப் பிரதேச செயலகம் இங்கேயே உள்ளது. ஊர் எழுவான்கரையில், ஊரவர் பலரின் வயல் வாவிக்கு அப்பால் படுவான்கரையில். பட்டிருப்புப் பாலம் வழியாகவோ, குருமண்வெளித் துறையில் 'பாதை' என்று எம்மவர் வழங்கும் மிதவையில் ஏறி மண்டூர்க் கரை சேர்ந்தோ வயலுக்குச் செல்வர். இந்நில அமைப்பை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நெற்செய்கை செய்வோனுக்கு ஒரு கிழமைத் தாமதம் என்பது ஒரு கிழமை அன்று. விதைப்புக்கு முன் கிடைக்க வேண்டிய பத்திரம் விதைப்புக்குப் பின் கிடைக்குமாயின் ஒரு போகமே போய்விடும். அலுவலகம் நாட்களால் எண்ணுவதை வயல் போகங்களால் எண்ணுகிறது. ஒரே தாமதத்துக்கு இரு அலகுகள் இருத்தல் கவனிக்கத்தக்கது.

கச்சேரிக்கு முந்திய ஒழுங்கில் இவ்விரு அலகுகளும் இந்த அளவு விலகியிருக்கவில்லை எனலாம். மட்டக்களப்புத் தேசத்தின் பற்றுகளில் வன்னிமைகளும் அவர்களுக்குக் கீழே விதானைமாரும் அதிகாரம் செலுத்தினர். வயல்வெளிகளின் நீர்முறையை வட்டவிதானைகள் பார்த்தனர். அவர்கள் அனைவரும் நேர்மையாளர் என்றோ, அவ்வொழுங்கு நீதியானது என்றோ நான் கூறவரவில்லை. சாதியும் குடியும் செல்வமும் பார்த்து நடந்த ஒழுங்கு அது. ஏழையின் காத்திருப்பு அன்றும் நீண்டதாகவே இருந்திருக்கும். எனினும் நீர் திறக்கும் நாள், வேலி கட்டி முடிக்கும் நாள், விதைப்பு முடிக்கும் கடைசி நாள் ஆகியன ஊர்க்கூட்டத்தில், எல்லாருடைய காது கேட்கவும் தீர்மானிக்கப்பட்டன. தவறியவருக்குத் தண்டம் இருந்தது. பிரித்தானியர் இவ்வழக்காறுகளைக் கைவிட்டுப் பின்னர் வருந்தி, தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். நவகிரி, உன்னிச்சை முதலிய குளங்களின் கீழ்ச் செய்கை பண்ணுவோருக்காக நடைபெறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டங்கள் அம்மரபின் வழித்தோன்றல்களே. அதிகாரியும் விவசாயியும் ஒரே நாட்குறிப்புக்குக் கட்டுப்பட்டு நிற்கும் அரிய இடங்களுள் இஃது ஒன்று. அலுவலகத் தாமதம் பற்றிய ஆய்வுகள் இக்கூட்டங்களை ஏனோ கண்டுகொள்வதில்லை.

மட்டக்களப்பில் ஒல்லாந்தர் கோட்டையினுள் நெடுங்காலம் இயங்கிய கச்சேரி, தாமதம் என்பதற்குப் புதிய பொருளொன்றைத் தந்தது. சொல்லால் நடந்த காரியம் எழுத்தால் நடக்கலாயிற்று. எழுத்து வந்ததும் பதிவேடும், பதிவேட்டோடு அளத்தலும் வந்தன. 1808 முதல் 1941 வரை இலங்கையின் பிரித்தானிய நிருவாகிகள் தம் அன்றாடப் பணிகளை நாட்குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டிருந்தனர். நூற்று முப்பத்து மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்த இவ்வேற்பாடு இன்று வரலாற்று மாணவர்க்கு ஒரு பொற்சுரங்கம். ஆனால் அன்று அஃது ஒரு மேற்பார்வைக் கருவி. அதிபர் எங்கே சென்றார், யாரைக் கண்டார், எதனை முடித்தார் என்பதைக் கொழும்பு அறிவதற்கான வழி. அந்நாட்குறிப்புகள் மேல் நோக்கி மட்டுமே சென்றன. கச்சேரி வாசலில் காத்திருந்தவனுக்கு அவற்றைப் படிக்கும் உரிமை இருந்ததில்லை.

இவ்வகை நிருவாகிகளுள் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியவர் லெனாட் வூல்ப். 1904இன் இறுதியில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலும் பின்னர் கண்டியிலும் பணியாற்றி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தவர் அவர். 1961இல் வெளிவந்த தம் தன்வரலாற்றின் இரண்டாம் பாகத்தில், அலுவலகத் திறமை என்பது இளமையில் தம்மைப் பற்றியிருந்த ஒரு வெறி என்று கருதத்தக்க வகையில் எழுதுகிறார். வரும் கடிதத்துக்கு அன்றைய தினமே பதில் செல்ல வேண்டும் என்பது அவர் தம் கீழிருந்தோரிடம் வற்புறுத்திய விதி. எழுதுவினைஞர் அவரை நேசிக்கவில்லை என்பதில் வியப்பில்லை. அவரும் அதனை மறைக்கவில்லை. ஒரு நாள் என்ற அளவுகோலை அலுவலகத்தின் உள்ளேயிருந்தே ஒருவர் நட்டார் என்ற வகையில் வூல்ப் குறிப்பிடத்தக்கவர்.

ஆயினும் அவ்வளவுகோல் எதனை அளந்தது? கடிதத்துக்குப் பதில் சென்றதா என்பதை. கடிதத்திற் கேட்கப்பட்ட காரியம் முடிந்ததா என்பது வேறு வினா. பதிலின் வேகத்தை அளக்கத் தொடங்கினால் பதில் வேகமாகவே வரும். "தங்கள் கடிதம் கிடைத்தது, விடயம் கவனத்திற் கொள்ளப்பட்டுள்ளது" என்னும் இரு வரிகளைப் பெற்றுப் பத்திரப்படுத்தி வைத்திராத குடும்பம் எமது ஊரில் உண்டோ? இடைக்காலப் பதில் என்ற பெயரில் வழங்கும் இது, பதிவேட்டின் ஒரு நிரலை நிரப்பிவிடும்; மனுதாரரின் வயலில் ஒரு வரம்பையும் உயர்த்தாது. ஓர் அளவு குறிக்கோளாக மாறியவுடன் அது நல்ல அளவாக இருப்பதை ஒழித்துவிடுகிறது என்ற கருத்து இங்கிலாந்துப் பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்குகிறது. அவர் அதனை 1975இல் பணக்கொள்கை தொடர்பாகவே கூறினார். ஆனால் கச்சேரிகள் அவ்வுண்மையை அவருக்கு முன்னரே வாழ்ந்து காட்டிவிட்டன.

வூல்ப் அம்பாந்தோட்டையை விட்டு நீங்கிய அதே 1911இல் அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லரின் விஞ்ஞான முகாமை பற்றிய நூல் வெளியாயிற்று. தொழிலாளர் வேண்டுமென்றே மெல்ல வேலை செய்வதை அவர் இருவகையாகப் பிரித்திருந்தார்: இயல்பான சோம்பலால் விளைவது ஒன்று, வேகமாகச் செய்தால் கூலி குறையும் என்று கூட்டாகத் தீர்மானித்து மெல்லச் செய்வது மற்றையது. முதலாவதைவிட இரண்டாவதையே அவர் பெரிதாகக் கருதினார். அதற்கு மருந்தாக நிறுத்தற் கடிகாரத்தைக் கையிலெடுத்தார். எழுதுவினைஞரின் மேசைக்கு அக்கடிகாரம் பொருந்தவில்லை. இரும்பு சுமப்பவனின் வேலையை எடையால் அளக்கலாம். காணிப் பிணக்குக் கோவையை ஆராய்பவரின் வேலையை எதனால் அளப்பது? எனவே அலுவலகங்கள் அளக்க எளிதான ஒன்றைத் தேர்ந்தன. அதுதான் வரவு. காலையில் வரவுப் பதிவேட்டில் குறித்த நேரத்தின்பின் சிவப்புக் கோடு கீறப்படும். கோட்டுக்கு மேல் ஒப்பமிட்டவர் நேரத்துக்கு வந்தவர். கீழ் ஒப்பமிட்டவர் பிந்தியவர். கடந்த பத்தாண்டுக்குள் அக்கோட்டின் இடத்தைக் கைவிரல் அடையாள இயந்திரம் பிடித்துக்கொண்டது. இயந்திரம் புதிது, அளக்கப்படுவது பழையதே. ஆள் வந்தாரா என்பதை அது ஐயத்துக்கிடமின்றிச் சொல்லும். வந்தவர் என்ன செய்தார் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

இவ்விடத்தில் பார்க்கின்சன் என்பாரையும் குறிப்பிடல் வேண்டும். சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராயிருந்தவர் அவர். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறதோ அந்நேரம் முழுவதையும் நிரப்புமாறு அவ்வேலை விரியும் என்று 1955இல் எழுதினார். பிரித்தானியக் கடற்படையின் பெருங்கப்பல்கள் 1914இல் 62 ஆக இருந்து 1928இல் 20 ஆகக் குறைந்தபோது, கடற்படைத் தலைமையகத்தின் அலுவலர் 2,000இலிருந்து 3,569 ஆகப் பெருகினர் என்பது அவர் காட்டிய சான்று. அங்கதமாக எழுதப்பட்டதெனினும் அது வரலாற்றாசிரியர் ஒருவரின் அங்கதம்: தனியாளின் மடியைத் தேடாமல், மடியே இல்லாதவர்களைக் கொண்டும் தாமதம் விளையும் விதத்தை அவர் காட்டினார். எல்லோரும் ஓயாமல் உழைக்கின்றனர். ஒருவருக்கொருவர் குறிப்பெழுதுவதில் நாள் போகின்றது.

மட்டக்களப்பில் தாமதத்தின் சுமை பெரிதும் இறங்கியது காணி விடயத்திலேயே. 1920களில் கிழக்கு மாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த சி. வி. பிரெயின், முடிக்குரிய நிலத்தைச் சிறு விவசாயிகளுக்கு நிபந்தனைகளோடு வழங்கும் முறையொன்றை இம்மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். பின்னர் அவரே இலங்கையின் முதலாவது காணி ஆணையாளரானார். அவ்வனுபவம் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு வழிகோலிற்று. காணிக் கச்சேரி என்னும் அமைப்பு அச்சட்டத்தோடு நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அதிகாரி ஊருக்கு வந்து, விண்ணப்பித்தோரை ஒருங்கே கூட்டி, ஒருவர் முன்னிலையில் மற்றவரை விசாரித்துத் தெரிவுசெய்வது அது. கச்சேரி மக்களிடம் சென்ற அரிய சந்தர்ப்பம் அது என்று போற்றலாம். ஆனால் தெரிவு முடிந்தபின் அனுமதிப்பத்திரம் வருவதும், உரித்தாளர் இறந்தால் பின்னுரித்தாளரின் பெயர் பதிவாவதும் மீண்டும் கோவையின் வழியே நடந்தன. கோவைக்கு ஊர்க்கூட்டம் இல்லை.

தாமதத்தின் காரணம் தனியாளிடம் இல்லாமல் அரசின் கட்டளையிலேயே இருக்கக்கூடும் என்பதற்கு மொழிப் பிரச்சினையைவிடத் தெளிவான சான்று நம் வரலாற்றில் இல்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. தமிழ் எழுதுவினைஞர் குறித்த காலத்துள் சிங்களத் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், பெறாதவரின் வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்றும் விதிகள் வந்தன. அலுவலரின் பணியை அளக்கும் கோல் திடீரென மாற்றப்பட்டது. நேற்றுவரை ஒரு கோவையை ஒரு மணிநேரத்தில் முடித்தவர், மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கும் நிலை உருவாயிற்று. அவர் சோம்பேறி ஆகிவிடவில்லை. அவருடைய வேகத்தின் கருவி பறிக்கப்பட்டது.

செல்லையா கோடீஸ்வரன் என்ற அரச ஊழியர் இத்தேர்வுக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருக்குரிய சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. ஏற்றத்தின் தொகை மாதம் பத்து ரூபா. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட முடியாது என்று கூறி அதனைப் புரட்டியது. 1969 டிசெம்பரில் இலண்டனில் பிரிவுக் கவுன்சில் அக்கருத்தைத் தள்ளி, மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு இசைந்ததா என்னும் மூலவினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பியனுப்பிற்று. அவ்வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. பிரிவுக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை 1971இல் ஒழிந்தது. 1972 மே 22இல் புதிய அரசியலமைப்பு வந்தது. எழுதுவினைஞர் ஒருவரின் தாமதத்தைப் பதிவேட்டில் நிமிடத்தால் குறிக்கும் அரசு, பத்து ரூபா வினாவொன்றைப் பத்தாண்டு சுமந்து திரிந்து விடையின்றிக் கீழே வைத்தது. இதனை எந்தச் சிவப்புக் கோட்டால் அளப்பது?

இதே காலத்தில் மக்கள் கச்சேரியை நிறுத்திய நிகழ்ச்சியும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகம் அம்மாத இறுதியில் மட்டக்களப்புக் கச்சேரிக்கும் பரவியது. ஏப்ரல் 17இல் அவசரகால நிலை பிரகடனமாகும் வரை இது நீடித்தது. அலுவலகம் மக்களைக் காக்க வைத்தல் வழக்கம். அவ்வாரங்களில் மக்கள் அலுவலகத்தைக் காக்க வைத்தனர். வடக்கு கிழக்கில் நிருவாகத்தின் தாமதம் வேலைத்திறன் பற்றிய வினா மட்டுமன்று, உரிமை பற்றிய வினாவும் ஆகும் என்பதை அவ்வாயிலில் அமர்ந்தோர் எவ்விதப் பட்டியலுமின்றி உணர்த்தினர். தமிழும் அரச கரும மொழி என்பது 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தினாலும், வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்பது 1988இன் பதினாறாம் திருத்தத்தினாலுமே அரசியலமைப்பில் இடம்பெற்றன.

இனி, கிராமத்துக்கு அண்மையில் அலுவலகம் வந்த கதையைச் சுருக்கமாகக் காணலாம். விதானை முறை 1963இல் ஒழிக்கப்பட்டுப் போட்டிப் பரீட்சை மூலம் தெரிவான கிராம சேவகர் வந்தனர். வன்னிமைகளின் இடத்தை முன்னரே காரியாதிகாரிகள் பெற்றிருந்தனர். அவர்களை 1970களில் உதவி அரசாங்க அதிபர் பதவி தொடர்ந்தது. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியின் அதிகாரங்கள் பலவற்றைப் பிரதேச செயலாளருக்கு மாற்றியது. முன்பு மட்டக்களப்புக்குப் பேருந்தேறிய களுவாஞ்சிக்குடியார் நடந்து சென்றே பல காரியங்களைப் பார்க்கலாயினர். தூரத்தால் விளைந்த தாமதம் குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1978 நவம்பரின் சூறாவளியும், போரின் இடப்பெயர்வுகளும், 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளும் வீடுகளிலிருந்த பத்திரங்களை அழித்துவிட்ட ஒரு மாவட்டத்தில், இல்லாத ஆவணத்தை உண்டாக்குவதே அலுவலகத்தின் பெருவேலையாயிற்று. பிறப்புச் சான்றிதழ் இன்றேல் உத்தேச வயதுச் சான்றிதழ். அதற்கு வேண்டிய கடிதங்களுக்கு வேறு கடிதங்கள். இத்தகைய கோவை தாழ்வதற்கு எவரது மடியும் வேண்டியதில்லை.

தாமதத்தை உளவியல் வழியில் அளக்கும் முயற்சிகள் 1980களிலேயே வலுப்பெற்றன. கனடாவைச் சேர்ந்த கிளாரி லே 1986இல் வெளியிட்ட அளவை இன்றும் பயன்படுகிறது. அக்கட்டுரைக்கு 'ஒருவாறாக, பிற்போடல் பற்றிய எனது ஆய்வுக் கட்டுரை' என்று பொருள்படத் தலைப்பிட்டார். ஆய்வாளரும் இந்நோய்க்கு விலக்கல்லர் என்பதை அவரே ஒப்புக்கொண்டது போலும். தொடக்க கால ஆய்வுகளில் அளக்கப்பட்டோர் பெரும்பாலும் மாணவர், நம்மைப் போன்றோர். அலுவலக ஊழியருக்கென்றே ஓர் அளவை அமைத்தவர்கள் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெட்டின், தாரிஸ், பேற்றர்ஸ் ஆகியோர். 2016இல் வெளியான அவ்வளவை பன்னிரண்டு கூற்றுகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு பொருந்தும் என்று ஊழியரே குறிக்க வேண்டும். அவை இரு கூறுகளாகப் பிரிவன: வேலையை விட்டுச் சும்மா காலம் போக்கல் ஒன்று, இணையத்திலும் கைத்தொலைபேசியிலும் மூழ்கல் மற்றையது. முதற் கூறுக்கு அவர்கள் இட்ட பெயர் டெய்லர் நூறாண்டுக்கு முன் வழங்கிய அதே சொல். எனினும் முடிவு டெய்லருடையது அன்று. வேலையில் சலிப்பு மிகுந்தவரிடம் பிற்போடலும் மிகுந்து காணப்பட்டது என்பது அவர்கள் ஆய்வில் வெளிப்பட்டவற்றுள் ஒன்று. சலிப்பு ஊழியரின் குணத்தால் மட்டும் விளைவதன்று. அவருக்கு இடப்பட்ட வேலையின் தன்மையாலும் விளைவது.

இவ்வளவையைக் களுவாஞ்சிக்குடியிலோ மட்டக்களப்பிலோ உள்ள அலுவலகங்களில் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும்? ஒரு பயன் உறுதி. ஆள் வந்தாரா என்பதைத் தாண்டி, வந்தவரின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அது கேட்கிறது. ஆனால் மூன்று தடைகள் என் கண்ணுக்குப் படுகின்றன. தம் மடியைத் தாமே எழுதித் தருமாறு கேட்கும்போது, அவ்வெழுத்து மேலதிகாரியிடம் போகாது என்ற நம்பிக்கை ஊழியருக்கு வேண்டும். நாட்குறிப்பும் சிவப்புக் கோடும் கைவிரல் இயந்திரமும் தண்டனைக்கே பயன்பட்ட மரபில் அந்நம்பிக்கை எளிதில் வாராது. அடுத்தது, நம் நாட்டுத் தொழிற்சங்கங்கள் கையாளும் 'சட்டப்படி வேலை' என்ற போராட்டம். விதிகளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் அலுவலகம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது என்பதைச் சங்கங்களும் அறியும், அரசும் அறியும். அப்படியாயின் மற்றைய நாட்களில் காரியம் நடப்பது விதியை மீறியா? விதிவழி நடப்பவரை இவ்வளவை எந்தப் பக்கத்தில் வைக்கும்? மூன்றாவதே முதன்மையானது. பன்னிரண்டு கூற்றுகளுள் ஒன்றேனும் மேசைக்கு இப்பால் நிற்பவரிடம் கேட்கப்படுவதன்று. அதற்கென்று அமைந்த அளவையன்று அது. ஆகவே அது குறையன்று எனலாம். ஆனால் அதனை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தின் தாமதத்தை அளந்துவிட்டோம் என்பது பொருந்தாது.

மேசைக்கு இப்பாலுள்ளோர் கையில் சட்டம் ஓர் அளவுகோலைத் தந்தது அண்மைக் காலத்திலேயே. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முப்பது நாளைக் காலவரையறையாக வைத்து, காரணமின்றித் தாழ்த்தும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபா வீதம் 25,000 ரூபா வரை தண்டம் விதிக்க இடமளித்தது. ஒரு நாள் தாமதத்தின் விலை இன்னதென்று சட்டப்புத்தகத்தில் எழுதப்பட்டது. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. தகவல் தருவதா மறுப்பதா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதாயின் நாற்பத்தெட்டு மணிநேரத்துள் விடை வேண்டும். இவை தகவலுக்கான காலவரையறைகளேயன்றிக் காரியத்துக்கானவை அல்ல. எனினும் என் கோவை எங்கே நிற்கிறது, எத்தனை நாளாக நிற்கிறது என்பதும் ஒரு தகவலே. 1808இன் நாட்குறிப்பு மேல் நோக்கிச் சென்றது. இவ்விடை கீழ் நோக்கி வருகிறது.

இக்கட்டுரைக்குப் பொருள் தேடியபோது என் கைக்கு வந்த ஆவணம் ஒன்றைப் பற்றியும் கூறுதல் வேண்டும். என் அம்மம்மாவின் தகரப்பெட்டியில் மூன்று ஆண்டுகளின் நாட்காட்டித் தாள்கள் இருந்தன. அம்மப்பா இறந்தபின் படுவான்கரையிலுள்ள வயலின் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராகத் தன் பெயரைப் பதிய அவர் ஓர் அலுவலகத்துக்கு அலைந்த காலம் அது. எந்த அலுவலகம் என்பது ஈண்டு வேண்டுவதன்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். சென்ற நாள் ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு குறி இட்டிருக்கிறார். குறிகள் ஒரே வகையின அல்ல என்பதைக் கண்டு கேட்டபோது விளக்கினார். வட்டம் என்றால் ஐயா வெளிக்களத்துக்குப் போய்விட்டார். கோடு என்றால் கோவை மட்டக்களப்புக்குப் போயிருக்கிறது. இரு கோடுகள் என்றால் இன்னொரு கடிதம் வேண்டும். பெருக்கற்குறி என்றால் ஐயா இருந்தார், கோவையும் இருந்தது, "நாளைக்கு வாங்க" என்றார்.

பியர்ஸ் ஸ்டீலின் வரைவிலக்கணத்தை அவர் அறியார். ஆனால் தாமதத்தையும் பிற்போடலையும் அவருடைய பென்சில் பிரித்துவிட்டது. தாள்களை நிலத்தில் பரப்பி எண்ணிப் பார்த்தேன். வட்டங்களும் கோடுகளுமே மிகுதி; பெருக்கற்குறிகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அலுவலர்களை வைது கொண்டிருந்த என் வாய் சற்று அடங்கிற்று. "அப்ப அவங்கட பிழை கொஞ்சந்தானே, அம்மம்மா?" என்றேன். அவர் ஒரு பெருக்கற்குறியில் விரலை வைத்தார். அது புரட்டாதி மாதத்தில் விழுந்திருந்தது. அடுத்த கிழமை குளக்கட்டில் கூட்டம் என்றும், பத்திரம் கையில் இல்லாததால் அந்த மாரிப் போகத்துக்கு வயலைக் குத்தகைக்குக் கொடுக்க நேர்ந்தது என்றும் கூறிவிட்டு, தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தார்.